ஃபுளோரன்ஸின் தாவன்சாத்தி மாளிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவன்சாத்தி மாளிகை எங்கே இருக்கிறது? அதன் சிறப்பு என்ன?

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், போர்த்தா ரோசா தெருவில் 13ஆம் எண் வீடுதான் தாவன்சாத்தி மாளிகை. சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. பொன்தே வெக்கியோ என்ற பழைய பாலத்திலிருந்து வருவதென்றால் ஐந்து நிமிடம் போதும். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு வணிகக் குடும்பம் தன் வாழ்வுக்கும் தொழிலுக்குமாகக் கட்டிக்கொண்ட இவ்வீடு, இன்று பழைய ஃபுளோரன்ஸ் மக்களின் இல்வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகமாக இத்தாலிய அரசின் பொறுப்பில் இருக்கிறது.

ஃபுளோரன்ஸில் மாளிகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பயணிகள் வழக்கமாகப் பார்க்கும் மெதிச்சி, ஸ்த்ரோத்சி, பித்தி மாளிகைகள் 15ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் எழுந்தவை. அவற்றுக்கு நூறாண்டுகளுக்கு முன், பகைவருக்கு அஞ்சிக் கல் கோபுரங்களில் ஒடுங்கி வாழ்ந்த குடும்பங்கள் மெல்ல மெல்ல வசதியான வீடுகளுக்கு மாறத் தொடங்கிய காலத்தை, உள்ளே நடந்து பார்க்கும்படியாக வைத்திருக்கும் வீடுகள் மிகச் சில. 1885 முதல் 1895 வரை நகரின் பழைய சந்தைப் பகுதியை இடித்து இன்றைய குடியரசுச் சதுக்கத்தை உருவாக்கியபோது, இடைக்காலத் தெருக்களும் வீடுகளும் கோபுரங்களும் கூட்டமாக அழிந்தன. அந்த இடிப்புக்கு உள்ளான பகுதிக்குச் சற்றே தெற்கில் இருந்த இவ்வீடு தப்பிவிட்டது.

கட்டியவர்கள் தாவித்சி குடும்பத்தினர் என்கிறார்கள், பெயரோ தாவன்சாத்தி. இது ஏன்?

வீடு கைமாறியதுதான் காரணம். அவ்விடத்தில் முன்பே நின்ற கோபுர வீடுகளை ஒன்றிணைத்து இம்மாளிகையை எழுப்பியவர்கள் தாவித்சி குடும்பத்தினர். 1516இல் இது பார்த்தோலினி குடும்பத்துக்கு விற்கப்பட்டது. 1578இல் பெர்னார்தோ தாவன்சாத்தி இதை வாங்கினார். அவருடைய வழியினர் 1838 வரை, 260 ஆண்டுகள், இங்கே குடியிருந்தார்கள். முகப்பில் பெரிதாகத் தெரியும் கல் இலச்சினை அவர்களுடையதே. மொட்டை மதில் முனைகள் இருந்த உச்சியில் தூண்களோடு கூடிய திறந்த மாடம் அமைந்ததும் 16ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது கண்ணில் படுகின்ற உச்சியும் இலச்சினையும் இடைக்காலத்தவை அல்ல. அவற்றுக்கு இடைப்பட்ட சுவர்தான் பழையது.

பெர்னார்தோ தாவன்சாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1529இல் பிறந்து 1606இல் மறைந்த அவர் வணிகர், கூடவே பெரும் படிப்பாளி. உரோமானிய வரலாற்றாசிரியர் தாசிதுஸை, மூலத்தை மிஞ்சும் சுருக்கத்தோடு இத்தாலியத்தில் பெயர்த்தவர் என்று இலக்கிய உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. நாணயங்களைப் பற்றி 1588இல் அவர் ஆற்றிய சொற்பொழிவு பொருளியல் சிந்தனையின் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. வீட்டைக் கட்டிய குடும்பத்தைவிட வீட்டுக்குப் பெயர் தந்த குடும்பம் அதிகம் அறியப்பட்டதற்கு இந்த ஒரு மனிதரே போதுமான காரணம்.

தாவித்சி குடும்பத்தினர் என்ன வணிகம் செய்தார்கள்?

அவர்கள் காலிமாலா என்ற வணிகர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஃபிளாண்டர்ஸிலும் (இன்றைய பெல்ஜியப் பகுதி) பிரான்சிலும் நெய்த கரடுமுரடான கம்பளித் துணிகளை வாங்கிக் கொண்டுவந்து, ஃபுளோரன்ஸில் சாயமேற்றி, மெருகேற்றி, பன்மடங்கு விலைக்குத் திரும்ப விற்பதே அச்சங்கத்தாரின் தொழில். துணி வணிகமும் வட்டித் தொழிலும் அந்நாளில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. தொலைதூர ஊர்களில் சரக்கு வாங்குபவனுக்கு அங்கே பணம் செலுத்தும் வழியும் வேண்டுமல்லவா? 1252இல் ஃபுளோரன்ஸ் வெளியிட்ட ஃபுளோரின் என்ற பொற்காசு, ஏறத்தாழ மூன்றரை கிராம் தூய தங்கம், ஐரோப்பா முழுவதும் செல்லுபடியானது இந்த வணிகர்களின் கைகள் வழியாகத்தான்.

இவ்வீடு எழுந்த காலம் அமைதியான காலமும் அல்ல. 1340களில் பெருத்சி, பார்தி ஆகிய இரு மாபெரும் நிதி நிறுவனங்கள் திவாலாயின. 1348இல் வந்த கொள்ளைநோய் நகர மக்களில் பாதிப் பேரையோ அதற்கு மேலுமோ கொண்டுபோயிற்று. அந்த இடிபாடுகளுக்கு நடுவிலும் கையில் பணத்தோடு மிஞ்சியவர்கள் இருந்தார்கள். இப்படிப்பட்ட வீடுகள் அவர்களுடையவை.

தமிழ் வாசகர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு: இவ்வணிகர்களின் அடுக்களையில் விலைமிக்க பொருள்களாக இருந்த மிளகும் இஞ்சியும் நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போனவை. பார்தி நிறுவனத்தின் முகவரான பெகொலோத்தி 1340ஆம் ஆண்டையொட்டித் தொகுத்த வணிகக் கையேட்டில் கொல்லத்து இஞ்சி தனி வகையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது.

உள்ளே காணும் பொருள்கள் எல்லாம் அந்தக் குடும்பத்தினர் பயன்படுத்தியவையா?

இல்லை. இந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். தாவித்சி குடும்பத்தின் கட்டிலோ பெட்டியோ பாத்திரமோ இங்கே அப்படியே விட்டுவைக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொண்டு போனால், பார்ப்பதையெல்லாம் தவறாகவே புரிந்துகொள்வோம்.

தாவன்சாத்தி குடும்பத்தின் கடைசி வாரிசு 1838இல் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, மாளிகை பல குடித்தனங்களாகத் தடுக்கப்பட்டுச் சீரழிந்தது. 1904இல் எலியா வோல்பி என்ற பழம்பொருள் வணிகர் அதை வாங்கினார். தடுப்புச் சுவர்களை அகற்றினார். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சுவரோவியங்களை வெளிக்கொணர்ந்தார். அழிந்த இடங்களை நிரப்பித் தீட்டச் செய்தார். இத்தாலியின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய கட்டில்களையும் நாற்காலிகளையும் திரைச்சீலைகளையும் அறைதோறும் இட்டு, 1910இல் தனியார் அருங்காட்சியகமாகத் திறந்தார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் வியந்து பார்த்த அந்தக் காட்சிக்கூடம் உண்மையில் ஒரு விற்பனைக் கூடமும் கூட. 1916இல் நியூயார்க் நகரில் நடந்த ஏலத்தில் அப்பொருள்கள் விற்றுத் தீர்ந்தன. அமெரிக்கச் செல்வர்களின் வீடுகளில் ‘தாவன்சாத்தி பாணி’ என்றே ஓர் அலங்கார முறை பரவிற்று. வோல்பி மீண்டும் பொருள் சேர்த்து வீட்டை நிரப்பினார். பிறகு 1920களில் அது வேறு பழம்பொருள் வணிகர்களின் கைக்குப் போயிற்று. இத்தாலிய அரசு 1951இல் கட்டடத்தை வாங்கி, பிற அரசு அருங்காட்சியகங்களின் சேமிப்பிலிருந்தும் புதிதாக வாங்கியும் பொருள்களைச் சேர்த்து, 1956இல் மக்களுக்குத் திறந்தது. கட்டட உறுதி குறித்த அச்சத்தால் 1995இல் மூடப்பட்ட மாளிகை, 2005இல் ஒரு பகுதியும் 2009இல் பெரும்பகுதியுமாகத் திரும்பத் திறக்கப்பட்டது.

எனவே நாம் காண்பது தாவித்சி குடும்பத்தின் சுவர்களுக்குள், வோல்பியின் கற்பனை வழிகாட்ட, அரசு திரட்டி வைத்த ஒரு பழைய வீட்டின் தோற்றம். இதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுவதில்லை. வாழ்ந்தவர்கள், விற்றவர், காத்தவர்கள் என மூன்று தரப்பாரின் கைத்தடங்களும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இவ்வீட்டைப் பார்ப்பதில் உள்ள சுவை.

அப்படியானால் உண்மையிலேயே பழையது எது என்று எப்படிக் கண்டுகொள்வது?

எளிய வழி ஒன்று உண்டு. தூக்கிக்கொண்டு போகக்கூடியவை எல்லாம் பிறகு வந்தவை என்று கொள்ளுங்கள். சுவரோடும் தரையோடும் பிணைந்திருப்பவற்றை நிதானமாகப் பாருங்கள். கதவு நிலைகள், படிக்கட்டு, நீர் இறைக்கும் குழி, கணப்பு, கழிப்பறை, தரைத் துளைகள் ஆகியவை இவ்வகை. சுவரோவியங்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அவற்றின் அமைப்பும் வடிவமும் 14ஆம் நூற்றாண்டுக்கு உரியவையாயினும், இன்று கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் 20ஆம் நூற்றாண்டுத் தூரிகையின் பங்கு சிறிதல்ல.

நுழைந்தவுடன் வரும் பெரிய கூடம் எதற்காக இருந்தது?

தெருவை நோக்கி மூன்று அகன்ற வாயில்கள் கொண்ட அந்தக் கூடம் வணிகத்துக்கும் வரவேற்புக்கும் உரிய இடம். பிற்காலத்தில் அதைப் பிரித்துக் கம்பளிக் கடைகளாகவும் பயன்படுத்தினார்கள். வீட்டாரின் வாழ்க்கை அதற்கு அப்பால், முற்றத்திலிருந்து தொடங்கிற்று. வெளியார் கூடம் வரை. வேண்டியவர் முதல் மாடி வரை. குடும்பத்தார் மட்டும் அதற்கும் மேலே. ஏறக்குறைய இந்த ஒழுங்கில்தான் வீடு அமைந்திருக்கிறது.

கூடத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே தெரியும் திறப்புகள் முதல் மாடிப் பெருங்கூடத்தின் தரையில் மர மூடியிட்ட துளைகளாக முடிகின்றன. கலகக்காரர்கள் வாயிலை உடைத்து உள்ளே புகுந்தால் மேலிருந்து கல்லோ வேறு எதுவோ அவர்கள் தலையில் போடலாம். விருந்தினரை அமர்த்தி உபசரிக்கும் கூடத்தின் தரையிலேயே இந்த ஏற்பாடு இருப்பது, அந்நகரத்துச் செல்வர்கள் எவ்வளவு அச்சத்தோடு வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாதபடி செய்கிறது. இன்று அந்தத் துளைகள் சிறுவர்களுக்குத்தான் மிகவும் பிடித்த இடம்.

முற்றத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முற்றம் சிறியது, ஆனால் மிக உயரமானது. வீட்டின் எல்லாத் தளங்களும் அதைச் சுற்றியே எழுகின்றன. ஒரு தூணின் தலைப்பகுதியில் செதுக்கப்பட்டுள்ள முகங்கள் தாவித்சி குடும்பத்தினருடையவை என்று சொல்வதுண்டு. படிக்கட்டு கீழே கல்லாகத் தொடங்கி மேலே மரமாக மாறுகிறது. பகைவர் வாயிலைத் தாண்டிவிட்டாலும் முற்றத்துக்கு வரும் வழியை அடைத்துவிட்டு, கிணறும் சேமிப்பும் உள்ளே இருக்க, வீட்டார் சில நாள் தாக்குப்பிடிக்கலாம்.

கிணற்றை மறக்காமல் பாருங்கள். சுவருக்குள் செங்குத்தாகச் செல்லும் ஒரு குழி வழியாகக் கப்பியும் கயிறும் வாளியும் கொண்டு ஒவ்வொரு தளத்திலும் நீர் இறைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். தளத்துக்கு ஒரு சிறு கதவு, அதைத் திறந்தால் கயிறு. நகரத்தின் பெரும்பாலான மக்கள் பொதுக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்துகொண்டிருந்த காலத்தில் இது பெரும் வசதி. எந்த ஓவியத்தையும்விட இந்தக் கயிறுதான் இவ்வீட்டின் செல்வத்தை எனக்கு உணர்த்தியது. ஓவியம் தீட்டப் பணம் போதும். நான்கு மாடிக்கு நீர் ஏற்றக் கட்டும்போதே யோசித்திருக்க வேண்டும்.

கழிப்பறைகள் இருந்தன என்பது உண்மையா?

உண்மை. ஒவ்வொரு தளத்திலும் அறைகளையொட்டிச் சிறிய கழிப்பறைகள் உள்ளன. கழிவு சுவருக்குள் செல்லும் குழாய் வழியாக அடியிலுள்ள குழிக்குப் போகும். அந்நாளில் இது செல்வர் வீடுகளிலும் அரிய வசதிதான். பார்வையாளர்கள் இதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம்.

கிளிகளின் அறை, மயில்களின் அறை என்று சொல்கிறார்களே, அவை எவை?

இரண்டும் முதல் மாடியில் உள்ளவை. மாளிகையின் புகழுக்கு இவையே பெரிதும் காரணம். கிளிகளின் அறை உணவருந்தும் கூடமாக இருந்தது. அதன் சுவர் முழுவதும், சதுரங்களுக்குள் சதுரங்களாகக் கிளிகள் அமர்ந்திருக்கும் வடிவங்கொண்ட துணி தொங்குவதுபோல் தீட்டப்பட்டிருக்கிறது. துணியின் விளிம்பு சற்றே மடிந்து, உள்ளே தைத்த மென்மயிர்த் தோல் தெரிவது போலவும் வரைந்திருக்கிறார்கள். மேலே, அத்துணிக்கு அப்பால் ஒரு தோட்டம் விரிந்து கிடப்பதுபோல் மரங்களும் பறவைகளும். துணி வணிகத்தில் பொருளீட்டிய குடும்பம் தன் சுவரிலேயே துணியைத் தொங்கவிட்டது பொருத்தம்தான். உண்மையான திரைச்சீலைகளும் அக்காலத்துச் செல்வர் வீடுகளில் தொங்கவிடப்பட்டன. ஆனால் அவை கிழியும், மங்கும், கடன்காரன் எடுத்துக்கொண்டு போவான். சுவரில் தீட்டியது வீட்டோடு தங்கிற்று.

மயில்களின் அறை படுக்கையறை. கீழ்ப்பகுதியில் வடிவக்கணித அலங்காரமும், மேலே மரங்களுக்கிடையில் மயில் முதலான பறவைகளும், அவற்றோடு குடும்ப இலச்சினைகளும் வரிசையாக உள்ளன. அவ்விலச்சினைகள் தாவித்சி குடும்பத்துக்கு மண உறவாலும் நட்பாலும் நெருங்கிய குடும்பங்களுடையவை எனக் கொள்ளப்படுகிறது. அன்றைய ஃபுளோரன்ஸில் மண உறவு என்பது கூட்டாளியும் பிணையும் வாக்கும் தேடித் தருவது. யாரோடு சம்பந்தம் என்பதைப் படுக்கையறைச் சுவரில் எழுதி வைத்ததில் வியப்பில்லை.

இரண்டாம் மாடிப் படுக்கையறையில் வரைந்துள்ள கதை என்ன?

13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் எழுந்த ‘வெர்ஜி கோட்டைத் தலைவி’ என்ற செய்யுட்கதை. சுவரின் மேற்பகுதியைச் சுற்றிலும், வளைவுகளுக்கு அப்பால் நிகழ்வதுபோல், காட்சி காட்சியாக அது செல்கிறது. கதையை முன்பே தெரிந்துகொண்டு போகாவிட்டால் குதிரைகளும் மரங்களும் மனிதர்களுமாக ஒன்றும் விளங்காது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பர்கண்டி நாட்டுக் கோமகனின் உறவினளான வெர்ஜி கோட்டைத் தலைவியும் ஒரு வீரனும் யாருமறியாமல் காதலிக்கிறார்கள். காதல் வெளியே தெரிந்தால் அன்றே முடிந்தது என்பது அவள் விதித்த ஒப்பந்தம். தோட்டத்தில் அவளுடைய சிறு நாய் வந்து நின்றால் உள்ளே வரலாம் என்பது குறிப்பு. கோமகனின் மனைவி அவ்வீரன்மேல் ஆசை வைக்கிறாள். அவன் மறுக்கவே, தன்னிடம் தகாதபடி நடந்துகொண்டதாகக் கணவனிடம் பழி சொல்கிறாள். தன்னைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றி வீரன் கோமகனிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். கோமகனும் ஒளிந்திருந்து பார்த்து நம்புகிறான். ஆனால் மனைவி அவனை நச்சரித்து அந்த இரகசியத்தைப் பிடுங்கிவிடுகிறாள். விழாவொன்றில் தலைவியைப் பார்த்து, நாயை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாய் என்று குத்திக்காட்டுகிறாள். காதலன் வாக்குத் தவறிவிட்டான் என்று நம்பித் தலைவி உள்ளம் உடைந்து இறக்கிறாள். அவள் உடலைக் கண்ட வீரன் தன்னைக் குத்திக்கொண்டு மாய்கிறான். நடந்ததை அறிந்த கோமகன் மனைவியைக் கொன்றுவிட்டுச் சிலுவைப் போருக்குப் போய்விடுகிறான்.

மூன்று சாவுகளில் முடியும் இக்கதையைக் கணவன் மனைவி உறங்கும் அறையில் ஏன் தீட்டினார்கள் என்பதே அடுத்த கேள்வியாக வரும். அறையில் தாவித்சி, அல்பெர்த்தி ஆகிய இரு குடும்பங்களின் இலச்சினைகளும் காணப்படுவதால், அவ்விரு குடும்பங்களுக்கிடையே நடந்த திருமணத்தையொட்டி இது வரையப்பட்டதென்று கருதப்படுகிறது. சொன்ன வாக்கைக் காப்பதும் வீட்டுச் செய்தியை வெளியே விடாதிருப்பதும் மணமக்களுக்கான பாடம் என்று விளக்குவோர் உண்டு. எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. பிரெஞ்சுக் காதல் கதைகள் அன்று இத்தாலிய நகரங்களில் மிகவும் நாகரிகமானவை. கணக்குப் பேரேட்டோடு நாளைக் கழிக்கும் வணிகன், அரசவைக்கு உரிய கதையைச் சுவரில் ஏற்றித் தன்னைச் சற்று உயர்த்திப் பார்த்துக்கொண்டான். சோக முடிவு அவனுக்குப் பொருட்டாக இருந்திராது.

சமையலறை ஏன் உச்சியில் இருக்கிறது?

தீயும் புகையும் நாற்றமும்தான் காரணம். கீழே தீப்பிடித்தால் மேலுள்ள தளங்கள் அத்தனையும் போய்விடும். மேலே பிடித்தால் இழப்பு கூரையோடு முடிய வாய்ப்புண்டு. நீர் இறைக்கும் குழி அந்தத் தளம் வரை செல்வதால் மேலே சமைப்பதும் இயன்றது. குளிர்காலத்தில் வீட்டிலேயே கதகதப்பான இடம் அது. பெண்கள் நூல் நூற்றும் தைத்தும் பொழுதைப் போக்கிய இடமாகவே அருங்காட்சியகமும் அதைக் காட்டுகிறது; அடுப்பங்கரைப் பாத்திரங்களோடு நூற்பு, நெசவுக் கருவிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

வீட்டின் சுவர்களில் பழைய குடியிருப்போர் கீறியும் எழுதியும் வைத்த குறிப்புகளும் படங்களும் பல இடங்களில் உள்ளன. கணக்குகள், கிறுக்கல்கள் இவற்றினிடையே, 1478 ஏப்ரல் 26 அன்று கதீட்ரலில், அந்நாளில் நகரத்தைத் தன் பிடியில் வைத்திருந்த மெதிச்சி குடும்பத்து ஜூலியானோ கொல்லப்பட்ட செய்தியையும் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இலச்சினையும் மயிலும் வீட்டுத் தலைவன் உலகுக்குக் காட்ட விரும்பியவை. இந்தக் கீறல்கள் யாரும் காட்ட நினைக்காதவை. வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் அவற்றைக் காட்டும்படி கேளுங்கள்.

வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள்? பெண்கள், குழந்தைகள் பற்றி ஏதாவது தெரிகிறதா?

பெற்றோர், மணமான மகன்கள், அவர்களுடைய மனைவி மக்கள், பணியாட்கள் எனப் பலர் சேர்ந்து வாழ்வதற்கான அளவில் அமைந்த வீடு இது. பணியாட்களோடு அடிமைகளும் இருந்த காலம் அது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கொள்ளைநோய்க்குப் பின் வேலைக்கு ஆள் கிடைக்காத நிலையில், கிறித்தவரல்லாத அடிமைகளை இறக்குமதி செய்ய 1360களில் ஃபுளோரன்ஸ் சட்டப்படி இசைவளித்தது. கருங்கடல் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட இளம் பெண்களே அவர்களில் மிகுதி. அழகிய அறைகளைப் பார்க்கும்போது அவற்றைத் துடைத்தவர்கள் யார் என்ற கேள்வியும் உடன் இருக்கட்டும்.

பெண்களின் வாழ்வை நினைவூட்டும் பொருள்கள் பல உள்ளன. மணப்பெண்ணின் சீர்வரிசையை வைக்கும் ஓவியப் பெட்டிகள் அவற்றுள் ஒன்று. பிள்ளை பெற்ற தாய்க்கு உணவும் பரிசும் ஏந்திச் செல்லும் ஓவியத் தட்டு மற்றொன்று; மாசாச்சோ என்ற பெரும் ஓவியரின் தம்பியும் ‘ஸ்கெஜ்ஜா’ எனப் பெயர் பெற்றவருமான ஓவியர் 1450ஐ ஒட்டி அதைத் தீட்டினார். தெருவில் இளைஞர்கள் ஒருவரையொருவர் அடிக்கப் பாய்ந்து விலகி விளையாடும் காட்சி அதில் உள்ளது. பிள்ளைப்பேற்றுத் தட்டில் தெருச் சண்டை விளையாட்டா என்று கேட்கலாம். பிறப்பது ஆண் குழந்தையாக, துடிப்பாக இருக்கட்டும் என்ற விருப்பம் அதில் இருந்திருக்கலாம்.

இவற்றோடு லேஸ் பின்னல், எம்பிராய்டரி ஆகியவற்றின் சிறந்த தொகுப்பும் இங்கே உண்டு. சிறுமிகள் தையல் பழக எழுத்தும் பூவுமாகப் போட்டுப் பார்த்த மாதிரித் துணிகள் அதில் அடக்கம். இவை பெரும்பாலும் பிற்காலத்தவை. தையற்கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் இதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

முகப்புச் சுவரில் நீண்டிருக்கும் இரும்புக் கம்பிகள் எதற்கு?

ஜன்னல்களுக்கு முன்னே கொக்கிகளில் தாங்கிய நீண்ட கம்பிகளில் துணி உலர்த்தினார்கள், பறவைக் கூண்டுகளைத் தொங்கவிட்டார்கள், விழா நாளில் விலையுயர்ந்த துணிகளை விரித்து அழகு காட்டினார்கள். கீழே குதிரை கட்டும் வளையங்களும் தீவட்டி செருகும் பிடிகளும் உண்டு. ஜன்னல்களில் இன்று காணும் கண்ணாடி பழங்காலத்ததல்ல. தாவித்சி காலத்தில் மரக் கதவும், ஒளி ஊடுருவும்படி எண்ணெயில் தோய்த்த துணியை இழுத்துக் கட்டிய சட்டமும்தான். அந்த அரையிருளில் கிளிகளும் மயில்களும் எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஓர் அறையிலாவது சற்று நில்லுங்கள்.

எல்லா மாடிகளையும் பார்க்க முடியுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

தரைத்தளமும் முதல் மாடியும் நாமாகவே சுற்றிப் பார்க்கக்கூடியவை. இரண்டாம், மூன்றாம் மாடிகளுக்குக் குறிப்பிட்ட நேரங்களில் சிறு குழுக்களாக, பணியாளர் துணையுடன் அழைத்துச் செல்வதே வழக்கம். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. வெர்ஜி அறையும் சமையலறையும் அந்த மாடிகளில்தான் இருக்கின்றன என்பதால், இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் போவது பாதி வீட்டைப் பார்க்காமல் திரும்புவதற்குச் சமம். முழுவதையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். திறக்கும் நேரமும் விடுமுறை நாளும் பருவத்துக்கேற்ப மாறுவதால், புறப்படுமுன் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

கட்டணம், சிறுவர், முதியோர், படம் எடுத்தல் பற்றி?

இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராயினும், நுழைவு இலவசம். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் இலவசம், ஆனால் கூட்டம் கூடும். இம்மாளிகையை நடத்தும் அரசு அருங்காட்சியக அமைப்பின் பிற இடங்களையும் பார்க்க எண்ணினால் கூட்டு நுழைவுச்சீட்டு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு, ஃபிளாஷ் இல்லாமல், படம் எடுக்கலாம். படிகள் செங்குத்தானவை, பல. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் பதிவு செய்யும்போதே தெரிவித்துவிடுவது நன்று.

இதைப் பார்த்தபின் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்க வேறு வணிகர் வீடு உண்டா?

உண்டு. ஃபுளோரன்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் சென்றடையும் பிராத்தோ நகரில் பிரான்செஸ்கோ தாத்தினி என்ற வணிகரின் வீடு இருக்கிறது. 1335ஐ ஒட்டிப் பிறந்த அவர், இளம் வயதில் தென்பிரான்சிலுள்ள அவிஞ்ஞோன் சென்று பொருளீட்டித் திரும்பி, 1410இல் மனைவி வழிப் பிள்ளையில்லாமல் இறந்தபோது சொத்தையெல்லாம் ஏழைகளுக்கான அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். தாவன்சாத்தி மாளிகையில் இல்லாத ஒன்று அங்கே உண்டு: எழுத்து. ஏறத்தாழ 1,50,000 கடிதங்களும் நூற்றுக்கணக்கான கணக்கேடுகளும் 1870இல் அவ்வீட்டிலேயே கண்டெடுக்கப்பட்டு, இன்று அதே கட்டடத்திலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வளர்ந்த பிறகு எழுதப் பழகிக்கொண்ட அவருடைய மனைவி மார்கெரீத்தா, வீட்டு நிர்வாகம் குறித்தும் கணவரின் போக்கு குறித்தும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிய கடிதங்களும் அவற்றில் அடக்கம். தாவித்சி வீட்டில் அறைகள் உண்டு, குரல்கள் இல்லை. தாத்தினி வீட்டில் குரல்கள் ஏராளம், அறைகள் அந்த அளவுக்கு மிஞ்சவில்லை. ஆகவே முதல் நாள் போர்த்தா ரோசா தெருவையும் மறுநாள் பிராத்தோவையும் பார்ப்பது என்று திட்டமிட்டுக்கொண்டால், ஒன்றில் விட்டுப்போனதை மற்றொன்றில் பிடித்துவிடலாம்.